குடத்தின் வயிறும் இரண்டாம் வகைக்கெழுவும்

மதுரை செல்லூரில் நாங்கள் இருந்த தெருவில் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அதுவும் விடியக்காலை நாலு மணிக்கு. அம்மா குடத்தை வைத்துவிட்டு "பாத்துக்கடா, வழிய விட்றாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அடியில் மடமடவென்று ஏறும், அப்புறம் வயிற்றுப் பகுதிக்கு வந்ததும் ஏறுகிறதா இல்லையா என்றே தெரியாதபடி அசமந்தமாக ஏறும், சரி இன்னும் நேரம் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையனோடு ரெண்டு வார்த்தை பேசத் திரும்பினால் அவ்வளவுதான், கழுத்தைத் தாண்டி வழிந்து தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். வரிசையில் நிற்கும் அக்காக்கள் ஒருவர் விடாமல் திட்டுவார்கள். இத்தனைக்கும் குழாய் திறந்தது திறந்தபடிதான் இருந்தது, தண்ணீர் ஒரே சீராகத்தான் விழுந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று ஒரு பாடம் வந்தது. அதில் குழிவு, வளைவு மாற்றப் புள்ளி என்று இரண்டு பக்கம். எங்களுக்கு அதை மூன்று வரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: "எஃப் டபுள் டேஷ் பாசிட்டிவ்னா மேல்நோக்கிக் குழிவு, நெகட்டிவ்னா கீழ்நோக்கிக் குழிவு, ஜீரோன்னா வளைவு மாற்றப் புள்ளி." மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மார்க் வாங்கினோம். மூன்றாவது வரி தப்பு என்பதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று வரியும் நான் தினமும் திட்டு வாங்கிய அதே குடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இப்போது சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும்போது நான் குடத்தில்தான் ஆரம்பிப்பேன்.

இதைப் படிக்க உங்களுக்கு வகையிடத் தெரிந்திருந்தால் போதும். அ³ என்பதை வகையிட்டால் 3அ², அ² என்பதை வகையிட்டால் 2அ, மாறிலியை வகையிட்டால் பூஜ்யம், இவ்வளவு தெரிந்தால் கடைசி வரை வந்துவிடலாம். எக்ஸுக்குப் பதிலாக அ என்றும், சார்பை ச(அ) என்றும் எழுதுகிறேன், பரீட்சைத் தாளில் நீங்கள் வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள். ச′(அ) என்றால் ஒருமுறை வகையிட்டது, ச″(அ) என்றால் அதையே இன்னொருமுறை வகையிட்டது, இரண்டாம் வகைக்கெழு என்பதும் எஃப் டபுள் டேஷ் என்பதும் இதைத்தான்.

ஒத்தக்கடைப் பக்கம் மேலூர் ரோட்டில் நின்று யானைமலையைப் பாருங்கள். படுத்திருக்கும் யானையேதான்: தலை மாதிரி ஒரு புடைப்பு, கொஞ்சம் இறக்கம், அப்புறம் நீளமான முதுகு. அதன் மேல்விளிம்பை மட்டும் ஒரு கோடாக மனதில் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின்மேல் ஓர் எறும்பை இடமிருந்து வலமாக நடக்கவிடுங்கள். தலைப்புடைப்பில் ஏறும்போது முதலில் செங்குத்தாக ஏறுகிறது, போகப்போக ஏற்றம் குறைகிறது, உச்சியில் ஒரு கணம் சமதளம், அப்புறம் மெல்ல இறக்கம், பிறகு கடுமையான இறக்கம். அந்தந்த இடத்துச் சாய்வை எண்ணாகச் சொன்னால் 3, 2, 1, 0, −1, −2, −3 என்கிற மாதிரி வரும். கவனியுங்கள், எறும்பு பாதி வழி ஏறியது, பாதி வழி இறங்கியது. ஆனால் சாய்வு முழு வழியும் குறைந்துகொண்டே வந்தது. இதுதான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வழுக்கும் இடம். உயரம் ஏறுவது வேறு, சாய்வு ஏறுவது வேறு. தலைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இதற்கு நேர்மாறு: எறும்பு முதலில் கடுமையாக இறங்கி, மெல்ல இறங்கி, சமதளம் வந்து, மெல்ல ஏறி, பிறகு கடுமையாக ஏறும், சாய்வு −3, −2, −1, 0, 1, 2, 3 என்று கூடிக்கொண்டே போகும்.

சாய்வு கூடிக்கொண்டே போகும் பகுதிக்கு மேல்நோக்கிக் குழிவு என்று பெயர். குறைந்துகொண்டே போகும் பகுதிக்குக் கீழ்நோக்கிக் குழிவு. வரையறை அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். சாய்வைத் தருவது ச′. ஒரு சார்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க என்ன செய்வோம், அதை வகையிட்டுக் குறியைப் பார்ப்போம். இங்கே கூடுகிறதா என்று நமக்குத் தெரியவேண்டிய சார்பே ச′ என்பதால், வகையிடவேண்டியதும் அதைத்தான், கிடைப்பது ச″. அது மிகையாக (பாசிட்டிவாக) இருந்தால் சாய்வு கூடுகிறது, மேல்நோக்கிக் குழிவு. குறையாக (நெகட்டிவாக) இருந்தால் சாய்வு குறைகிறது, கீழ்நோக்கிக் குழிவு. ச(அ) = அ² எடுத்துப் பாருங்கள். ச′ = 2அ, ஆக அ-வின் மதிப்பு −2, −1, 0, 1, 2 என்று போகும்போது சாய்வு −4, −2, 0, 2, 4. ச″ = 2, எங்கேயும் மிகை. அதனால்தான் அந்தப் பரவளையம் முழுக்க ஒரே கிண்ணமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. இயற்பியலில் குழியாடி, குவியாடி என்று படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் குழம்புவார்கள், குழம்பாவிட்டால்தான் ஆச்சரியம். எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே வளைவு குழிந்தும் தெரியும், குவிந்தும் தெரியும். அதனால்தான் 'மேல்நோக்கி', 'கீழ்நோக்கி' என்று திசையைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பொருளாதாரப் புத்தகங்களில் திசை சொல்லாமல் வெறுமனே குழிவு என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கீழ்நோக்கிக் குழிவு, கவனம். வீட்டில் நினைவு வைத்துக்கொள்ளப் பணியாரக்கல் போதும். கல்லில் உள்ள குழி மாவைத் தாங்கும், அது மேல்நோக்கிக் குழிவு. கல்லைக் கவிழ்த்தால் புடைப்பு, ஒரு சொட்டு நிற்காது, அது கீழ்நோக்கிக் குழிவு.

ஆனால் இந்தப் பணியாரக்கல் உதாரணத்தை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். மேல்நோக்கிக் குழிவு என்றாலே முழுக்குழி தெரிய வேண்டும், நடுவில் ஓர் அடிப்புள்ளி இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. குழியின் வலது சரிவை மட்டும் வெட்டி எடுத்தாலும் அது மேல்நோக்கிக் குழிவுதான், இடது சரிவை மட்டும் எடுத்தாலும் அப்படித்தான். இன்னும் நம்பகமான சோதனை தொடுகோடு: வளைவரையின் ஒரு புள்ளியில் ஸ்கேலை வைத்துத் தொடுகோடு வரையுங்கள், வளைவரை அந்தக் கோட்டுக்கு மேலே கிடந்தால் மேல்நோக்கிக் குழிவு, கீழே கிடந்தால் கீழ்நோக்கிக் குழிவு. கோயில் வாசலில் இரண்டு கம்பத்துக்கு இடையே தொங்கும் மாலையைப் பாருங்கள், எந்த இடத்தில் தொடுகோடு போட்டாலும் மாலை அதற்கு மேலேதான் இருக்கும்.

சரி, குடத்துக்கு வருவோம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று குடத்தின் வயிற்றை 15 செ.மீ. ஆரமுள்ள ஒரு பந்து என்றும், கழுத்தை 5 செ.மீ. ஆரமுள்ள குழாய் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான குடத்தின் அடி கொஞ்சம் தட்டையாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். இந்தப் பந்தில் சுமார் 14 லிட்டர் பிடிக்கும். தெருக்குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர், அதாவது விநாடிக்கு 100 கன செ.மீ. விழுகிறது. இப்போது தண்ணீர் மட்டம் ஏறும் வேகம் எதைப் பொறுத்தது? அந்த மட்டத்தில் குடம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. விழும் தண்ணீர் ஒரே அளவு, அது பரவவேண்டிய இடம் பெரிதானால் மட்டம் மெதுவாக ஏறும். விநாடிக்கு 100-ஐ அந்த மட்டத்தின் பரப்பளவால் வகுத்தால் வேகம் வந்துவிடும். அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் பரப்பளவு கிட்டத்தட்ட 393 சதுர செ.மீ., வேகம் விநாடிக்குக் கால் செ.மீ. வயிற்றின் நடுவில், 15 செ.மீ. உயரத்தில், பரப்பளவு 707, வேகம் 0.14 மட்டுமே. கழுத்திலோ பரப்பளவு வெறும் 79 சதுர செ.மீ., வேகம் 1.27.

அப்படியானால் கழுத்தில் மட்டம் வயிற்றைப் போல ஒன்பது மடங்கு வேகத்தில் ஏறுகிறது. ஆரம் மூன்றில் ஒரு பங்கு, பரப்பளவு ஒன்பதில் ஒரு பங்கு, அதனால்தான். நேரமாகச் சொன்னால் இன்னும் உறைக்கும்: அடியில் முதல் 5 செ.மீ. நிறையச் சுமார் 10 விநாடி, வயிற்றின் நடுவில் அதே 5 செ.மீ. நிறைய 35 விநாடி, கழுத்தில் 5 செ.மீ. நிறைய 4 விநாடி. அந்த 35 விநாடியைப் பார்த்துவிட்டு மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பித் திரும்பியவன் நான்.

இதை வரைபடமாகப் போடுங்கள். கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் தண்ணீர் மட்டம். கோடு எங்கேயும் இறங்காது, தண்ணீர் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. ஆனால் வயிற்றின் பாதி வரை சாய்வு குறைந்துகொண்டே வரும்: கீழ்நோக்கிக் குழிவு. பாதியைத் தாண்டியதும் குடம் குறுக ஆரம்பிக்கிறது, சாய்வு கூட ஆரம்பிக்கிறது: மேல்நோக்கிக் குழிவு. வரைபடம் ஒரு பக்கம் வளைந்துகொண்டிருந்தது மறுபக்கம் வளையத் தொடங்கும் அந்த ஒரு புள்ளிதான் வளைவு மாற்றப் புள்ளி, அது சரியாகக் குடத்தின் மிக அகலமான இடத்தில் வருகிறது. மட்டம் ஏறும் வேகம் அங்கேதான் மிகக் குறைவு. இப்படிச் சொன்னால் பாடப்புத்தகச் சொல் கொஞ்சம் உயிர்பெறும் என்று நினைக்கிறேன்.

வகையிட்டும் பார்த்துவிடலாம். தண்ணீரின் உயரம் உ, அந்த உயரம் வரை உள்ள கன அளவு க என்றால், பந்துக்கு க = பை (π) × (15உ² − உ³/3). ஒருமுறை வகையிட்டால் பை × (30உ − உ²), இது அந்த மட்டத்தின் பரப்பளவேதான், 15 போட்டுப் பாருங்கள், 225 பை, அதாவது 707 வரும். இன்னொருமுறை வகையிட்டால் பை × (30 − 2உ). உ 15-ஐ விடக் குறைவாக இருந்தால் மிகை, அதிகமானால் குறை, 15-இல் பூஜ்யம். ஆகக் கன அளவின் வரைபடம் பாதி வரை மேல்நோக்கிக் குழிவு, பாதிக்கு மேல் கீழ்நோக்கிக் குழிவு.

கவனமாகப் படித்தவர் இங்கே கையைத் தூக்க வேண்டும். சற்று முன்னால் பாதி வரை கீழ்நோக்கி என்றேன், இப்போது மேல்நோக்கி என்கிறேனே? இரண்டும் சரி. முதல் வரைபடத்தில் உயரம் செங்குத்து அச்சில் இருந்தது, இரண்டாவதில் கிடைமட்ட அச்சுக்கு வந்துவிட்டது. (தண்ணீர் சீராக விழுவதால் நேரமும் கன அளவும் ஒன்றுக்கொன்று விகிதத்தில்தான் இருக்கின்றன, அதனால் நேரத்தின் இடத்தில் கன அளவைப் போட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.) ஏறும் சார்பு ஒன்றின் இரண்டு அச்சுகளையும் மாற்றிப் போட்டால் குழிவு தலைகீழாகிவிடும், வளைவு மாற்றப் புள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்கும். அதனால் ஒரு வளைவரையைக் காட்டி எந்தக் குழிவு என்று யாராவது கேட்டால், எந்த அச்சில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இதே விஷயம் வைகை அணையிலும் நடக்கிறது. அணையில் தேக்கும் நீரின் முழு உயரம் 71 அடி என்பது நம்மூர்க்காரர்களுக்கு மனப்பாடம், மழைக்காலத்தில் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். ஆனால் நீர்த்தேக்கம் கீழே குறுகல், மேலே போகப்போக அகலம். அதனால் 20 அடியிலிருந்து 21 அடிக்கு ஏறத் தேவையான தண்ணீரை விட 70-லிருந்து 71-க்கு ஏறத் தேவையான தண்ணீர் அதிகம். உயரத்துக்கு எதிராகக் கொள்ளளவை வரைந்தால் மேல்நோக்கிக் குழிவு. வரத்து ஒரே அளவில் இருந்து, திறந்தும் விடாமல் இருந்தால், நாளுக்கு எதிராக மட்டத்தை வரையும்போது கீழ்நோக்கிக் குழிவு. பாதி உயரம் நிறைந்துவிட்டது என்றால் பாதித் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதை விடக் குறைவுதான் வந்திருக்கும். குடத்துக்கு இருக்கும் கழுத்து அணைக்குக் கிடையாது, எனவே இங்கே வளைவு மாற்றப் புள்ளியைத் தேட வேண்டாம்.

இப்போது பரீட்சையில் வரும் மாதிரி ஒன்று. ச(அ) = அ³ − 6அ² + 9அ + 2 என்ற சார்பு எங்கே எந்தக் குழிவு? வகையிடுவோம்: ச′ = 3அ² − 12அ + 9. மறுபடி: ச″ = 6அ − 12. இது பூஜ்யமாவது அ = 2 என்னும்போது. அந்த 2 எண்கோட்டை இரண்டு துண்டாக வெட்டுகிறது. இடதுபக்கத் துண்டிலிருந்து ஏதாவது ஓர் எண், 0 எடுப்போம், ச″ = −12, குறை. வலதுபக்கத் துண்டிலிருந்து 3 எடுப்போம், ச″ = 6, மிகை. ஆக 2-க்கு இடப்பக்கம் முழுக்கக் கீழ்நோக்கிக் குழிவு, வலப்பக்கம் முழுக்க மேல்நோக்கிக் குழிவு. அ = 2 என்று சார்பில் போட்டால் 8 − 24 + 18 + 2 = 4. வளைவு மாற்றப் புள்ளி (2, 4). வேலை முடிந்தது.

ஒரு துண்டுக்கு ஒரே ஓர் எண்ணைச் சோதித்தால் போதுமா, அந்தத் துண்டிலேயே வேறோர் இடத்தில் குறி மாறியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள், நல்ல கேள்வி. மிகையிலிருந்து குறைக்குப் போக வேண்டுமென்றால் ச″ ஒன்று பூஜ்யத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் நடுவில் ச″ வரையறுக்கப்படாத ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இரண்டு வகைப் புள்ளிகளையும் முதலிலேயே பிடித்துக் கோட்டை வெட்டிவிட்டோம் என்றால், துண்டுக்குள் குறி மாற வழியில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே கணக்காகவே செல்லும். ஆனால் வெட்டும்போது ஒரு புள்ளியை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. அ⁴ − 6அ² என்ற சார்பில் ச″ = 12அ² − 12, இது 1-இலும் பூஜ்யம், −1-இலும் பூஜ்யம். அவசரத்தில் அ² = 1, ஆகவே அ = 1 என்று மட்டும் எழுதி −1-ஐ மறந்துவிட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். இந்த வளைவரை −1 முதல் 1 வரை கவிழ்ந்தும், இரண்டு வெளிப்பக்கமும் நிமிர்ந்தும் இருக்கும், வளைவு மாற்றப் புள்ளிகள் (−1, −5), (1, −5).

இனி அந்தத் தப்பான மூன்றாவது வரி. ச″ பூஜ்யமானால் வளைவு மாற்றப் புள்ளி என்று நம்பிக்கொண்டு நான் ஒரு தேர்வில் அ⁴ என்ற சார்புக்கு ஆதிப்புள்ளியில் வளைவு மாற்றம் என்று எழுதி, அழகாகப் படமும் வரைந்து, மூன்று மார்க்கைப் பறிகொடுத்தேன். ச″ = 12அ², அ = 0 என்றால் பூஜ்யம்தான். ஆனால் இடப்பக்கம் −1 போட்டால் 12, வலப்பக்கம் 1 போட்டாலும் 12. இரண்டு பக்கமும் மிகை, குறி மாறவே இல்லை, வளைவரை இரண்டு பக்கமும் கிண்ணமாகத்தான் இருக்கிறது. பூஜ்யமாவது சந்தேகப்பட மட்டுமே காரணம். குறி மாறினால்தான் குற்றம் உறுதி. நான் வரைந்த படமே கிண்ணமாகத்தான் இருந்தது என்பதுதான் கொடுமை, அதன்மேல் அம்புக்குறி போட்டு 'வளைவு மாற்றம்' என்று எழுதியிருந்தேன்.

எதிர்ப்பக்கத்திலும் பள்ளம் உண்டு. 1/அ என்ற சார்பில் ச″ = 2/அ³, இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை, குழிவு மாறிவிட்டது. ஆனால் அ = 0 என்ற இடத்தில் வளைவரையே இல்லை, இல்லாத புள்ளி எப்படி மாற்றப் புள்ளியாகும்? அதனால் அது கணக்கில் சேராது. அ-வின் கனமூலத்தில் கதை வேறு: 0-இல் ச″ வரையறுக்கப்படவில்லை, ஆனால் வளைவரை அங்கே அறுபடாமல் போகிறது, இடப்பக்கம் மேல்நோக்கி, வலப்பக்கம் கீழ்நோக்கி. அது வளைவு மாற்றப் புள்ளிதான், ச″ பூஜ்யமாகாமலேயே.

பெருமம் சிறுமம் கண்டுபிடிக்கவும் இதே ச″ உதவும் என்று பாடத்தில் அடுத்த பக்கத்திலேயே வரும். மேலே பார்த்த முப்படிச் சார்பில் ச′ பூஜ்யமாவது 1-இலும் 3-இலும். 1-இல் ச″ = −6, கவிழ்ந்த சட்டியின் சமதளம் என்றால் அது உச்சிதானே, பெருமம், மதிப்பு 6. 3-இல் ச″ = 6, நிமிர்ந்த சட்டியின் சமதளம், சிறுமம், மதிப்பு 2. நடுவிலுள்ள வளைவு மாற்றப் புள்ளியின் உயரம் 4, உச்சிக்கும் பள்ளத்துக்கும் சரிபாதியில். முப்படிச் சார்புகளில் உச்சியும் பள்ளமும் இருந்தால் எப்போதுமே இப்படித்தான் வரும், விடை சரியா என்று பார்க்க நல்ல குறுக்குவழி. ச′-உம் ச″-உம் ஒரே இடத்தில் பூஜ்யமானால் இந்தச் சோதனை கையை விரித்துவிடும், அப்போது ச′-இன் குறியை இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்கை விட்டு வெளியே வந்தாலும் இந்தப் பார்வை விடாது. மல்லிகைப்பூ விலையை எடுத்துக்கொள்ளுங்கள், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லிதான். முகூர்த்த நாள் நெருங்கும்போது மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ 600, 900, 1100, 1200 என்று நாளுக்கு நாள் ஏறுகிறது என்று வைப்போம் (எண்கள் நானாகப் போட்டவை). ஏற்றம் 300, 200, 100. விலை ஏறுகிறது, ஏறும் வேகம் குறைகிறது: ச′ மிகை, ச″ குறை. முகூர்த்தம் முடிந்து 1100, 900, 600 என்று இறங்குகிறது, இறக்கம் 100, 200, 300: ச′ குறை, ச″ இன்னும் குறைதான், அதே கவிழ்ந்த சட்டியின் மறுபக்கம். அடுத்து 450, 350, 300. இன்னும் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் இறக்கம் 150, 100, 50 என்று தளர்ந்துவிட்டது, ச″ மிகையாகிவிட்டது. 600-ஐ ஒட்டி எங்கேயோ வளைவு மாறியிருக்கிறது. பூ வியாபாரிக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, "எறக்கம் நின்னுக்கிட்டு வருது" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பணவீக்கம் ஏறும் வேகம் குறைந்துவருகிறது என்று பெருமையாக அறிவித்தார். விலைவாசி ச என்றால் பணவீக்கம் ச′, அது ஏறும் வேகம் ச″, அது குறைகிறது என்றால் மூன்றாம் வகைக்கெழு குறை. விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது, பணவீக்கமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, சொன்னதிலும் பொய் இல்லை.

உடம்பாலேயே உணர வேண்டுமென்றால் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் பைக்கில் போங்கள். அந்தப் பாதையை மேலிருந்து வரைபடமாகப் பார்ப்பதாகவும், நீங்கள் இடமிருந்து வலமாகப் போவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போதெல்லாம் மேல்நோக்கிக் குழிவு, வலப்பக்கம் சாயும்போது கீழ்நோக்கிக் குழிவு. ஒரு வளைவு முடிந்து எதிர்வளைவுக்குள் நுழையும்போது வண்டி ஒரு கணம் நேராக நிமிரும் பாருங்கள், அந்தக் கணம்தான் வளைவு மாற்றப் புள்ளி. நிமிர்ந்துவிட்டு மறுபடி அதே பக்கம் சாய்ந்தால் அது அ⁴. 1684-இல் லைப்னிட்ஸ் நுண்கணிதத்தைப் பற்றி முதன்முதலாக வெளியிட்ட கட்டுரை சில பக்கம்தான், அதிலேயே குழிவும் வளைவு மாற்றமும் வந்துவிட்டன. பைக் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

குடத்தில் இன்னொன்று பாக்கி. கழுத்தை நேரான குழாய் என்று சொல்லி ஒப்பேற்றினேன், ஆனால் உங்கள் வீட்டுக் குடத்தைப் பாருங்கள், கழுத்து ஓரிடத்தில் மிகவும் குறுகி, பிறகு வாய் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். அப்படியானால் நேரத்துக்கு எதிரான தண்ணீர் மட்டத்தில் இன்னொரு வளைவு மாற்றப் புள்ளி இருந்தாக வேண்டும். வயிற்றைத் தாண்டியதிலிருந்து கழுத்தின் குறுகலான இடம் வரை வேகம் கூடிக்கொண்டே வரும், மேல்நோக்கிக் குழிவு. அந்த இடத்தில் வேகம் உச்சம். அதற்கு மேல் வாய் விரிவதால் வேகம் குறைய ஆரம்பிக்கும், கீழ்நோக்கிக் குழிவு. அதாவது கழுத்தின் குறுகலில் இரண்டாவது வளைவு மாற்றப் புள்ளி. அம்மா குழாயை மூடக் கையை நீட்டுவதும் சரியாகத் தண்ணீர் அந்த இடத்துக்கு வரும்போதுதான், அங்கிருந்து வாய் விளிம்புக்கு மூன்று விரற்கடைகூட இருக்காது.